மருந்தும் மறதியும்

 

  

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்தபின் ஓர் இளைஞர் வந்து ஒரு மஸ்அலா கேட்டார். அவருடைய உம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. தைராய்டு குறைபாட்டுக்காக நாள்தோறும் காலையில் ஒரு மாத்திரை உட்கொள்ள வேண்டியவர். அண்மைக் காலமாக, மாத்திரை போட்டோமா இல்லையா என்பது அவருக்கு நினைவில் நிற்பதில்லை. ஐயம் வந்தால் இன்னொன்றை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். மகன் தடுத்தால், தொழுகையில் சந்தேகம் வந்தால் ஒரு ரக்அத்தைக் கூட்டித்தானே தொழச் சொல்லியிருக்கிறார்கள், இதுவும் அப்படித்தான் என்கிறாராம். இது சரியா என்பதே அந்த இளைஞரின் கேள்வி.

சரியல்ல என்று அவரிடம் அப்போதே கூறினேன். ஆனால் அந்தத் தாயின் கேள்வியில் ஓர் ஆழம் இருக்கிறது. மார்க்கம் கற்ற ஒரு பெண்மணியின் மனம் எல்லாவற்றையும் தொழுகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இயல்புதானே! ஒவ்வொரு மஹல்லாவிலும் இத்தகைய வீடுகள் பல உள்ளன. ஆகவே அந்த ஒரு வரிப் பதிலை இங்கே விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். நம் கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, பட்டாம்பூச்சி இறகை விரித்தது போன்ற வடிவில் ஒரு சுரப்பியை அல்லாஹ் அமைத்திருக்கின்றான். அதுவே தைராய்டு. எடை ஏறத்தாழ 20 கிராம்தான். ஆயினும் இதயத்தின் துடிப்பு, உடலின் சூடு, குடலின் இயக்கம், மூளையின் சுறுசுறுப்பு யாவும் அது சுரக்கும் நீரைச் சார்ந்திருக்கின்றன. அந்தச் சுரப்பு குறைந்தால் உடலே மந்தமாகிவிடும். காரணமற்ற களைப்பு, உடல் பருமன், மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், மற்றவர் மின்விசிறி போடும் வேளையில் போர்வை தேடும் குளிர் உணர்வு ஆகியன தோன்றும். ஆண்களைவிடப் பெண்களையே இந்நோய் பன்மடங்கு அதிகமாகப் பிடிக்கிறது. எனவே சகோதரர்களே, இது உங்கள் தாயின், மனைவியின், மகளின் பிரச்சினை என்று எண்ணிக் கேளுங்கள்.

இந்நோயின் அடையாளங்களுள் ஒன்று மறதி. இதை நன்கு கவனியுங்கள். சுரப்பு குறைந்தால் நினைவாற்றல் மங்கும், சிந்தனை தாமதமாகும். நினைவு மங்கியவர் மாத்திரையை மறப்பார். மாத்திரையை மறந்தால் சுரப்பு மேலும் குறையும். சுரப்பு குறைந்தால் மறதி இன்னும் கூடும். செக்கு மாடு போல ஒரே வட்டத்தில் சுற்றும் நிலை இது. வீட்டாரோ "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று கூறி விட்டுவிடுகிறார்கள். முதியவர் ஒருவருக்கு மறதி மிகும்போது மருத்துவர்கள் செய்யச் சொல்லும் இரத்தப் பரிசோதனைகளில் டி.எஸ்.எச். என்னும் தைராய்டு பரிசோதனையும் ஒன்று. எல்லா மறதிக்கும் இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்க்காமலேயே வயதின் மீது பழி போடுவது முறையாகாது. பல மாதங்கள் மருந்தின்றிக் கிடந்த முதியவர்கள், அதுவும் குளிர்காலத்தில் அல்லது வேறொரு நோய் சேர்ந்த வேளையில், உடல் குளிர்ந்து, நினைவிழந்து, உயிருக்கே ஆபத்தான நிலையை அடைவதும் உண்டு. அது அரிதானதுதான், எனினும் உண்மை.

அல்லாஹ் எந்த நோயையும் அதற்குரிய நிவாரணத்தை இறக்காமல் இறக்கவில்லை என நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள் (புகாரி). இந்நோய்க்கான நிவாரணத்தை மனிதன் கண்டறிந்த வரலாறு 130 ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்டதே. 1891-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், இந்நோயால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசி வழியே செலுத்தினார். அப்பெண்மணி அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1927-ஆம் ஆண்டில் தைராக்சினை ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாக உருவாக்கினார்கள். இன்று நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும் லெவோதைராக்சின் இவ்வாறு செயற்கை முறையில் தயாரிக்கப்படுவதே, விலங்கிலிருந்து எடுக்கப்படுவதன்று. சிலர் ஹலாலா என்று கேட்பதால் இதைக் கூறுகிறேன். அமெரிக்கா போன்ற நாடுகளில், உலர்த்திய பன்றித் தைராய்டிலிருந்து செய்யப்படும் மாத்திரையும் விற்பனையில் உள்ளது. அங்கு வாழும் நம் பிள்ளைகள் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

இம்மாத்திரை நோயைத் துரத்திவிட்டு ஓய்ந்துவிடும் மருந்தன்று. உடல் சுரக்காததை வெளியிலிருந்து கொடுத்து ஈடுசெய்வது. குடத்தில் ஓட்டை இருக்கும்வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா? ஆகவேதான் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் இதை எடுக்க வேண்டியுள்ளது. "உடம்பு நன்றாகிவிட்டதே, இனி எதற்கு?" என்று நிறுத்துபவர்கள், நன்றாக இருப்பதற்குக் காரணமே அம்மாத்திரைதான் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. கருஞ்சீரகத்தின் சிறப்பும் தேனின் சிறப்பும் நபிமொழிகளில் வந்துள்ளன, அவற்றை உண்ணுங்கள். ஓதிப் பார்ப்பதும் ஆகுமானதே. ஆனால் தண்ணீர் ஓதிக் கொடுக்கும் ஒருவர், இதைக் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்து என்று சொல்வாரேயானால், அவர் தமக்குத் தெரியாத துறையில் தீர்ப்பு வழங்குகிறார். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் அதனால் விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி ஆவார் என்பது நபிமொழி (அபூதாவூத், நஸாயீ).

இனி மறதிக்கு வருவோம்.

மறதி பாவமன்று. ஆதம் (அலை) அவர்கள் மறந்தார்கள் (20:115). மூஸா (அலை) அவர்களுடன் சென்ற இளைஞர், பயணத்தின் அடையாளமாக எடுத்துச் சென்ற மீனையே மறந்துவிட்டார் (18:63). முதுமையின் கடைக்கோடியில், அறிந்தவை அனைத்தும் அறியாதவையாகிவிடும் பருவத்திற்குச் சிலர் தள்ளப்படுவார்கள் என்பதையும் குர்ஆன் கூறுகிறது (16:70). அத்தகைய தள்ளாமையிலிருந்து நாயகம் (ஸல்) அவர்களே பாதுகாவல் தேடியிருக்கிறார்கள் (புகாரி).

மறதி பாவமன்று என்பதால், மறந்துவிடுவோம் என்று தெரிந்தும் ஏற்பாடு எதுவும் செய்யாமல் இருப்பது சரியென்று ஆகிவிடாது. குர்ஆனின் ஆக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? தொழுகையைப் பற்றியதன்று; நோன்பைப் பற்றியதன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது (2:282). தொகை சிறிதோ பெரிதோ, எழுதச் சலிப்படையாதீர்கள் என்கிறான் இறைவன். சாட்சிகளைப் பற்றிக் கூறும்போதும், ஒருவர் தவறினால் மற்றவர் நினைவூட்டுவதற்காக என்று காரணம் கூறுகின்றான். படைத்தவனுக்குத் தெரியும், மனித நினைவு எவ்வளவு நம்பத் தகாதது என்று! நூறு ரூபாய்க் கடனை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம், உடலாகிய அமானிதத்தை நினைவின் மீது மட்டும் விட்டுவிடச் சொல்லுமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்ற நாயகத்தின் அறிவுரை (திர்மிதீ) நம் எல்லோருக்கும் மனப்பாடம். கட்டுவதற்குக் கயிறு வேண்டுமே! அந்தக் கயிறு எது?

நாள்தோறும் தவறாமல் செய்யும் ஒரு செயலோடு மாத்திரையைக் கட்டிவிடுவதே அது. முஸ்லிம் வீட்டில் அதற்குத் தேடி அலைய வேண்டியதில்லை. ஐவேளைத் தொழுகை இருக்கிறது. இந்த மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீருடன் விழுங்க வேண்டும். பின்னர் அரைமணி முதல் ஒரு மணி நேரம்வரை உணவோ காபியோ தேநீரோ கூடாது. சுப்ஹு நேரம் இதற்கென்றே அமைந்தது போல் உள்ளதல்லவா? எழுந்து ஒளுச் செய்ததும் மாத்திரை. பின்பு சுன்னத், ஃபர்ளு, திக்ரு, சிறிது குர்ஆன் ஓதுதல். இவை முடியும்போது தேநீருக்கான நேரம் தானே வந்துவிடும். ஒளு இன்றித் தொழப் போகமாட்டோம். அதுபோல் மாத்திரை இன்றி முஸல்லாவில் நிற்பதில்லை என்று பழகிவிட்டால், ஒன்று மற்றொன்றை நினைவூட்டும். தொழுகையில்லாத நாட்களில் பெண்களுக்கு இந்தக் கயிறு அவிழ்ந்துவிடுமே என்று கேட்கலாம். அதனால்தான் தொழுகையோடு என்று சொல்லாமல், எழுந்து முகம் கழுவுவதோடு கட்டிக்கொள்வது இளம் பெண்களுக்குப் பொருத்தம்.

இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளையும் வயிற்றுப் புளிப்புக்கான மருந்துகளையும் இதனுடன் சேர்த்து விழுங்கக் கூடாது. நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். சேர்த்தால் தைராய்டு மாத்திரை இரத்தத்தில் சரியாகச் சேராது. எல்லாவற்றையும் ஒரே கைப்பிடியாக விழுங்கிவிட்டால் மறக்காது என்பது நம் பெரியவர்களின் வழக்கம். மறக்காமல் எடுத்தும் பயனில்லாமல் போகும் வழி அது. கருவுற்ற பெண்களுக்கு இரும்பும் கால்சியமும் கொடுப்பார்கள். அவர்களுக்குத் தைராக்சினின் தேவையும் கூடுதல். வயிற்றில் வளரும் பிள்ளையின் மூளைக்கே அது வேண்டும். எனவே அவர்கள் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும்.

கட்டினால் மட்டும் போதாது. கட்டியதற்கு அடையாளமும் வேண்டும். விழுங்கிய மாத்திரை சாட்சி சொல்லாது. அட்டையில் உள்ள மாத்திரை என்றால் கிழிந்த இடத்தைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம். இந்த மாத்திரைகளோ பலவும் நூறு, நூற்றிருபது என்று புட்டியில் வருகின்றன. காலையில் ஒன்று குறைந்ததா இல்லையா என்று யார் எண்ணுவது? ஆகவே மருந்துக் கடைகளில் கிடைக்கும், ஏழு நாட்களுக்கு ஏழு அறைகள் கொண்ட சிறு பெட்டியை வாங்குங்கள். வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குக் கிளம்பும் முன் வீட்டில் ஒருவர் அதை நிரப்பட்டும். சனிக்கிழமை அறை காலியாக இருந்தால் சனிக்கிழமை மாத்திரை போயிற்று என்று பொருள். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு வாரத்துக்கு மேல் எடுத்து வைக்காதீர்கள். வெளிச்சமும் வெப்பமும் ஈரமும் இம்மாத்திரையின் வீரியத்தைக் குறைக்கும். அடுப்பங்கரை அலமாரியும் குளியலறையும் இதற்கு ஏற்ற இடங்களல்ல.

பெட்டி வாங்க இயலாதவர்களுக்கு நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டி இருக்கிறது. தொழுகை நேரம் பார்க்க எப்படியும் அதன் முன் நிற்கிறோம். ஒரு பேனாவை நூலில் கட்டி அதனோடு தொங்கவிடுங்கள். விழுங்கிய பின் தேதியில் ஒரு கோடு. விழுங்குவதற்கு முன் கோடு போடுவதும், கைபேசியில் நினைவூட்டும் மணி அடித்தவுடன் "இதோ எடுக்கிறேன்" என்று அதை நிறுத்திவிட்டு வேறு வேலைக்குச் செல்வதும் ஒன்றே. இரண்டுமே பொய்ச் சாட்சிகள். மாத்திரை தொண்டையில் இறங்கிய பின்னரே மணியை நிறுத்துங்கள். புட்டியைத் தலைகீழாகத் திருப்பி வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. தூசு தட்டும் மருமகள் அதை நேராக்கி வைத்துவிட்டால் கணக்குக் கெட்டுவிடும்.

இப்போது அந்தத் தாயின் கேள்வி. தொழுகையில் மூன்றா நான்கா என்ற ஐயம் வந்தால், ஐயத்தை விட்டுவிட்டு உறுதியானதன் மீது தொழுகையை அமைத்து, இறுதியில் இரண்டு ஸஜ்தாச் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள் (முஸ்லிம்). இதனால் ஒரு ரக்அத் கூடிப் போனாலும் குற்றமில்லை. ஸஜ்தா ஸஹ்வு அதை நிறைவு செய்துவிடுகிறது. ஆனால் கூடுதலாகப் போன மாத்திரைக்கு எந்த ஸஜ்தா ஸஹ்வு இருக்கிறது? தொழுகையில் கூடுதல் தீங்கு தராது. மருந்தில் கூடுதல் தீங்கு தரும். இரண்டின் தன்மையும் வேறு என்பதால் ஒன்றை மற்றொன்றோடு கியாஸ் செய்ய இடமில்லை.

ஆகவே போட்டோமா இல்லையா என்று ஐயம் வந்து, பெட்டியோ நாட்காட்டியோ சாட்சி சொல்லவில்லை என்றால், அன்று போடாமல் விடுங்கள். நாளை வழக்கம் போல் ஒன்று. இதில் அஞ்சுவதற்கு எதுவும் இல்லை. ஏனெனில் தைராக்சின் உடலில் நெடுநாள் தங்குவது. அதன் அளவு பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. ஒருநாள் விடுபட்டால் உடல் அதை உணராமலே கடந்துவிடும். அதற்கு மாறாக, ஐயம் வந்த நாளெல்லாம் இன்னொன்று போட்டுக்கொண்டால், நாளடைவில் அளவு மிகுந்து படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, உடல் மெலிவு தோன்றும். முதியவர்களுக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகலாம், இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சு வலி வரலாம், எலும்பு தேயும். சர்க்கரை மாத்திரையோ, இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையோ இவ்வாறு இரட்டித்தால் அதே நாளிலேயே பேராபத்து நேரலாம்.

விடுபட்டது உறுதியாகத் தெரிந்தால் நிலை வேறு. தூங்கியோ மறந்தோ தொழுகையைத் தவறவிட்டவர் நினைவு வந்ததும் தொழட்டும் என்பது நபிமொழி (புகாரி, முஸ்லிம்). மாத்திரையும் இந்த அளவுக்கு அதை ஒத்திருக்கிறது: அன்றே நினைவு வந்துவிட்டால், வயிறு காலியாக உள்ள நேரம் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். அடுத்த மாத்திரைக்கான நேரமே நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும். ஒப்புமை அத்துடன் முடிகிறது. பல நாள் தொழுகையைக் களாச் செய்வது போலப் பல நாள் மாத்திரைக்குக் களா இல்லை. நான்கு நாள் விட்டதற்கு நான்கைச் சேர்த்து விழுங்கக் கூடாது. பல நாட்கள் விட்டுப் போயிருந்தால் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விட்டதை மறைத்து "ஒழுங்காகப் போடுகிறேன்" என்று கூறினால், பரிசோதனையில் வரும் எண்ணைப் பார்த்து மருத்துவர் அளவை உயர்த்திவிடுவார். பின்பு அந்த உயர்ந்த அளவை ஒழுங்காகப் போடத் தொடங்கும்போது மிகைப்பாட்டின் தொல்லைகள் தொடங்கும். வெட்கத்தால் சொன்ன ஒரு சிறு பொய் உடலுக்கு இப்படி வினையாகிறது.

ரமளான் வரும்போது பழகிய நேரம் மாறுவதால் நினைவு குறைந்தோர் தடுமாறுகிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசி ஒரு நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். ஸஹருக்கு முக்கால் மணி நேரம் முன்னதாக எழுந்து, மாத்திரையை விழுங்கிவிட்டு, தஹஜ்ஜுத் தொழுதபின் உண்பது ஒரு வழி. மாத்திரையின் பொருட்டேனும் தஹஜ்ஜுத் கிடைக்கிறதே! நோன்பு திறக்கும்போது தண்ணீருடன் விழுங்கி அரைமணி காத்திருப்பதும் ஒரு வழிதான். ஆனால் நோன்புக் கஞ்சியை எதிரில் வைத்துக்கொண்டு அரைமணி காத்திருப்பவர் எத்தனை பேர் என்பது எனக்கு ஐயமே. ஸஹரில் மறந்துவிட்டுச் சுப்ஹுக்குப் பின் நினைவு வந்தால், அதற்காக நோன்பை முறிக்க வேண்டியதில்லை; இரவு வரை காத்திருக்கலாம். பழக்கத்தின் காரணமாக நோன்பு என்பதை மறந்து மாத்திரையை விழுங்கிவிட்டால்? மறந்து உண்டவரும் பருகியவரும் நோன்பை நிறைவு செய்யட்டும், அவருக்கு உணவளித்தவன் அல்லாஹ்வே என்னும் கருத்தில் நபிமொழி வந்துள்ளது (புகாரி, முஸ்லிம்). ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் அந்நோன்பு முறியாது.

இதுவரை சொன்னவை, மறதி இருந்தாலும் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ள இயன்றவர்களுக்கு. அதைக் கடந்த நிலையும் உண்டு. பெட்டியைத் திறந்து ஏழு நாள் மாத்திரையையும் ஒரே வேளையில் போட்டுக்கொள்ளும் அளவுக்கு நினைவு தப்பியவர்களுக்குப் பெட்டியே ஆபத்தாகிவிடும். அங்கே புட்டியும் பெட்டியும் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். பேரக் குழந்தைகள் உள்ள வீட்டிலும் அவ்வாறே. கொடுப்பவர் ஒருவராக இருக்க வேண்டும். அதிகாலை ஐந்துக்கு மருமகள் ஒன்று கொடுத்துவிட்டுப் போக, ஆறு மணிக்கு மகன் வந்து அன்போடு இன்னொன்று கொடுத்த வீட்டை நான் அறிவேன். இருவருமே நல்லவர்கள், ஆனால் உம்மாவுக்கு நாள்தோறும் இரண்டு மாத்திரை. இன்னார் பொறுப்பு, அவர் ஊரில் இல்லாதபோது இன்னார் என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். அன்றாடம் கொடுக்கவே இயலாத நிலையில், வாரத்துக்கு ஒருமுறை கண்ணெதிரே கொடுக்கும்படி மருத்துவர்கள் சிலருக்கு ஏற்பாடு செய்வதுண்டு. இதய நோயாளிகளுக்கு அது பொருந்தாமல் போகலாம். எனவே அது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு, நாமாகச் செய்யக் கூடாது. அறிவு தெளியும்வரை அறிவிழந்தவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நபிமொழி (அபூதாவூத்). ஆகவே இந்நிலையில் உள்ளவரை நோன்பு பிடியுங்கள், தொழுங்கள் என்று வற்புறுத்தி அழ வைக்காதீர்கள்.

நினைவூட்டும் முறையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒருமுறை நாயகம் (ஸல்) அவர்கள் நான்கு ரக்அத் தொழுகையில் இரண்டிலேயே ஸலாம் கொடுத்துவிட்டார்கள். துல்யதைன் (ரலி) என்ற தோழர், அல்லாஹ்வின் தூதரே, தொழுகை குறைக்கப்பட்டுவிட்டதா, அல்லது தாங்கள் மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்வியின் பணிவைப் பாருங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மற்றவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, எஞ்சியதை நிறைவேற்றினார்கள் (புகாரி, முஸ்லிம்). தாமும் நம்மைப் போல் மறக்கக் கூடிய மனிதரே என்றும், மறந்தால் நினைவூட்டுமாறும் இன்னொரு வேளையில் கேட்டுக்கொண்டார்கள் (புகாரி). படைப்பினங்களில் சிறந்தவரே நினைவூட்டச் சொல்லி வேண்டிக்கொண்டார்கள் என்றால், நம் வாப்பா நம்மிடம் கேட்பதில் என்ன இழுக்கு இருக்கிறது? இமாம் ஐந்தாவது ரக்அத்துக்கு எழுந்துவிட்டால் பின்னால் நிற்பவர் என்ன செய்கிறார்? "சுப்ஹானல்லாஹ்" என்கிறார். அவ்வளவுதான். உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று எவரும் கேட்பதில்லை.

நம் வீடுகளில் நிகழ்வது என்ன? "மாத்திரை போட்டேனா?" என்று உம்மா நான்காம் முறை கேட்கும்போது, "எத்தனை தடவை சொல்வது?" என்று எரிந்து விழுகிறோம். முதுமையை அடைந்த பெற்றோரிடம் 'சீ' என்றும் சொல்லாதே என்று அல்லாஹ் தடுத்தது (17:23) எந்த நேரத்துக்காக? அவர்கள் நம்மைச் சலிப்படையச் செய்யும் நேரத்துக்காகத்தானே! சிறு வயதில் ஒரே காகத்தைக் காட்டி, அது என்ன, அது என்ன என்று நாம் கேட்டபோதெல்லாம் பதில் சொன்ன வாய் அது. அதட்டினால் இன்னொரு தீமையும் விளையும். அடுத்த முறை அவர் கேட்கமாட்டார். ஐயத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் இன்னொன்றை எடுத்துப் போட்டுக்கொள்வார். எரிச்சலோடு நாம் சொன்ன ஒரு சொல்லே அந்த இரண்டாவது மாத்திரைக்குக் காரணமாகிவிடும். "போட்டாயிற்று உம்மா, இதோ பாருங்கள், இன்றைய அறை காலி" என்று கையைப் பிடித்துக் காட்டுங்கள்.

பிள்ளைகள் வளைகுடாவில், உம்மா ஊரில் தனியே. இத்தகைய வீடுகள் நம்மிடையே எத்தனை! அவர்களுக்காக ஒரு செய்தி. இந்த மாத்திரையைக் காலையில்தான் போட வேண்டும் என்பதில்லை. நெதர்லாந்து நாட்டில் செய்யப்பட்டு 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, இரவு படுக்கும் முன் எடுப்பதும் காலையில் எடுப்பதற்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. சுப்ஹு வேளையில் இங்கு ஐந்து மணி என்றால் சவூதியில் நள்ளிரவு இரண்டரை. அங்கே உழைத்துக் களைத்த மகன் எழுந்து பேச இயலாது. ஆனால் இரவு பத்து மணிக்கு உம்மா படுக்கப் போகும்போது அங்கே ஏழரை, துபாயில் எட்டரை. மஃரிப் தொழுதவுடன் உண்டுவிடும் பழக்கமுள்ள உம்மாவாக இருந்தால் மூன்று மணி நேரமும் சரியாகிவிடும். மருத்துவரிடம் கேட்டு நேரத்தை இரவுக்கு மாற்றிக்கொண்டு, அந்த வேளையில் நாள்தோறும் அழையுங்கள். சாப்பிட்டீர்களா, கால் வலி எப்படி என்று கேளுங்கள். பிறகு, "பெட்டியை எடுங்கள் உம்மா, இன்று என்ன கிழமை?" என்று கேளுங்கள். அவர் தண்ணீர் குடித்து விழுங்கும்வரை பேச்சைத் துண்டிக்காதீர்கள். அங்கிருந்து பணம் அனுப்ப மாதம் ஒருமுறை நேரம் ஒதுக்கும் மகனுக்கு, இதற்கு நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். அம்மகனுக்கும் அவனுடைய உம்மாவுக்கும் அல்லாஹ் ஆஃபியத்தை வழங்குவானாக! ஆமீன்.